ஒழுகாத பொந்து

வாகை மரத்தில் ஒரு மரங்கொத்தி, தான் கொத்திய பொந்தை ஒரு மைனாவுக்கு வாடகைக்கு விட்டிருந்தது. தினம் ஒரு அத்திப்பழம் வாடகை.

மைனா மூன்று முட்டைகள் இட்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பொந்து ஒழுகியது.

"ஐயா, தண்ணி கொட்டுது. முட்டையெல்லாம் வீணாயிடும்!" என்று மைனா உள்ளிருந்து கூப்பிட்டது.

"குடியிருக்கிறது நீ. நீயே அடைச்சுக்கோ" என்றது மேல் கிளையில் இருந்த மரங்கொத்தி.

"புழு தேடி மேலே கொத்தினது நீங்கதானே? அந்த ஓட்டையிலதான் ஒழுகுது. நம்பலைன்னா உள்ளே வந்து பாருங்க."

மரங்கொத்தி வேண்டாவெறுப்பாக நுழைந்தது. மைனா முட்டைகளைச் சிறகால் மூடியபடி தொப்பலாக நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. மரங்கொத்தியின் தலையில் பொத்தென்று ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தது. தன் அலகு போட்ட ஓட்டையேதான்!

அது உடனே மழைக்குள் பறந்தது. காய்ந்த கிளையில் ஒரு ஆப்பைச் செதுக்கிக் கொண்டுவந்து, ஓட்டையில் வைத்து அலகால் அறைந்து இறுக்கியது. சொட்டு நின்றது.

மழை மட்டும் நிற்கவில்லை. எட்டாம் நாள் காலை பொந்துக்குள் கீச்சுக் குரல்கள் கேட்டன.

"ஐயா, மூணும் பொரிஞ்சிடுச்சு!"

மரங்கொத்தி ஓடோடி வந்து எட்டிப் பார்த்தது. "நனையலையே?"

"ஒரு சொட்டுகூட இல்லைங்க!"

மரங்கொத்தி கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு உச்சிக்கிளைக்குப் பறந்து, தோப்பு முழுக்கக் கேட்கும்படி டொக்டொக்கென்று தாளம் தட்டியது.