காட்டிக்கொடுத்த வாய்

கடத்தல்காரன் ஏரம்புவின் கொடிகாமத்துக் களஞ்சியத்தைப் பொலிஸ் சோதனையிட்டபோது அங்கே ஒரு சாக்குக்கூட மிச்சமில்லை. இன்ஸ்பெக்டர் பஞ்சலிங்கம் கொதித்தார்.

"ஆரடா காட்டிக்குடுத்தது? வாயைப் பொத்திக்கொண்டிருக்கத் தெரியாத எருமையள்!"

"ஐயா, ஜீப்பிலை ஏறின பிறகுதானே எங்களுக்கே இடம் சொன்னனீங்கள்?" என்றார் கான்ஸ்டபிள் தம்பிராசா.

"எதிர்த்துக் கதைக்கிறியோ?"

மேலதிகாரியிடம் பிழை இருக்க முடியுமா? தம்பிராசாவை இடமாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பஞ்சலிங்கம் வீட்டுக்கு வந்தார்.

மனைவி குணலட்சுமி திருநீற்றோடு ஓடி வந்தாள்.

"நீங்கள் விடியச் சொல்லிப்போட்டுப் போனதிலையிருந்து எனக்கு ஒரே நெஞ்சிடி. கோயிலுக்குப் போய், கொடிகாமத்துச் சோதனை நல்லபடி முடியவேணுமெண்டு உங்கடை பேர், நட்சத்திரம் எல்லாம் சொல்லி ஐயரைக்கொண்டு அர்ச்சனை செய்விச்சனான். ஐயருக்கு நல்ல வெண்கலக் குரல்!"

பஞ்சலிங்கம் திருநீறு பூச வந்த கையைத் தடுத்தார். "கோயிலிலை ஆர் நிண்டது?"

"இண்டைக்கு ஏரம்பு முதலாளியின்ரை உபயமெல்லே? முன்னுக்கு நிண்டு கும்பிட்டவர். பாவம், தன்ரை பொங்கலைக்கூட வாங்காமல் ஓடிப்போட்டார்."