தீவு பாஷை

"சுத்திலும் கடல வெச்சுக்கிட்டு, கடலோர மாநிலம் இல்லன்னா என்ன நியாயம்?" என்று கத்தினார் கீழ்வீட்டு வக்கீல்.

"கடல் இருந்தா போதுமா? கலாசாரம் வேணாமா?" என்று மேசையில் குத்தினார் குடியிருப்புச் சங்கத் தலைவர்.

கடலோர மாநிலத்தாருக்கு மட்டுமே வீடு என்பது அந்தக் கட்டடத்தின் சட்டம். தீவு மாநிலம் அதில் சேருமா, சேராதா என்பதுதான் சண்டை.

சலூன்காரன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தீவுக்காரன் என்று சொல்லித்தான் இரண்டாம் மாடியில் வீடு பிடித்திருந்தான். சேராது என்று தீர்ப்பானால், படுத்த படுக்கையான அப்பாவோடு தெருவில்தான் நிற்க வேண்டும்.

"எதுக்கு வாய்ச்சண்டை? மூணாம் மாடி மருந்துக்கடைப் பொண்ணும் தீவுதானே? ரெண்டு பேரும் அவங்க பாஷையில பேசட்டும். நம்ம சாயல் இருக்கான்னு நான் சொல்றேன்," என்றார் தலைவர். பேச்சைக் கேட்டே ஊரைச் சொல்லிவிடுவாராம்; அவரே சொல்லிக்கொள்வது.

 தீவைச் சலூன்காரன் படத்தில்கூடப் பார்த்ததில்லை. யாரும் விசாரிக்க முடியாத ஊராக இருக்கட்டுமே என்று அவிழ்த்துவிட்ட புளுகு அது.

அவளை அழைத்து வந்தார்கள். கைக்குட்டையைப் பிழிந்தபடி, அவன் முகத்தையே பார்க்காமல், மடமடவென்று ஏதோ பேசினாள். நடுவே ஒரு சொல் அப்பாவின் இருமல் மருந்து போலக் கேட்டது. பயத்தில் காதும் குழம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

தொலைந்தோம் என்று வாய்க்கு வந்ததை உளறிக்கொட்டினான். அவள் தலையாட்டினாள். பதில்கூடச் சொன்னாள்!

"அடடா, அப்படியே நம்ம பாஷை! தாராளமா சேர்த்துக்கலாம்." தலைவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மாடிப்படித் திருப்பத்தில் அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அகப்பட்டுக்கொண்டோம் என்று அவனுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"நான் சொன்னது பூரா மருந்து பேருங்க. தயவுசெஞ்சு காட்டிக் குடுத்துடாதீங்க!"

அப்புறம் என்ன, இருவருக்கும் கல்யாணமே ஆயிற்று. தீவு முறைப்படி நடந்ததாகக் கேள்வி. முறையை யார் கண்டார்கள்!

அடுத்த வருஷம், நிஜமாகவே தீவில் பிறந்து வளர்ந்த குடும்பம் ஒன்று, பெட்டி படுக்கையோடு வீடு கேட்டு வந்தது. அவர்கள் பேச்சைத் தலைவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"யார்கிட்ட கதை விடுறீங்க? இது தீவு பாஷையே இல்ல, கிளம்புங்க!"