புதன்கிழமைக்கு ஒரு வட்டம்

எஃபி மக்ஐசக் சுத்தியலை ஓங்கி அடித்த அடியில் தேர்தல் பலகையின் கால் அரையடி மண்ணுக்குள் இறங்கியது. பலகையில் வெய்ன் டூசெட் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். வேலிக்கு வெளியே நின்ற டாக்டர் அலஸ்டர் கெர்ருக்கு அந்த அடி தன் நெஞ்சில் விழுந்த மாதிரி இருந்தது.

இருக்காதா பின்னே? எழுபத்தொரு வயது எஃபி அவரிடம் இருபத்தாறு வருடமாக வைத்தியம் பார்த்துக்கொண்டவள். அவள் புருஷன் லாக்லனின் இதயம் இரண்டு முறை மக்கர் செய்தபோதும் பனிப்புயலில் வண்டியோட்டி வந்து காப்பாற்றியவர் இவர். அந்த வீட்டு வாசலில் எதிராளியின் பலகை!

"இந்த வீடு மட்டுமா? தெரு முழுக்க வெய்ன்தான்," என்றாள் அவருடைய பிரசாரத்தைக் கவனித்துக்கொண்ட டெனிஸ். "சனங்க தேடிப் போய்க் கேட்டு வாங்குறாங்களாம். பலகை தீந்துபோச்சுன்னு அவனே முழிக்கிறான்."

தேர்தலுக்கு இன்னும் நாலே நாள். 'ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு டாக்டர்' என்பதுதான் கெர்ரின் கோஷம். அதற்காகவே ஆகஸ்ட் மாதம் தன் கிளினிக்கை இழுத்துப் பூட்டி, 'உங்கள் நலனுக்காக மூடப்பட்டுள்ளது' என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டுக் களத்தில் குதித்தார். சொந்த ஊரான போர்ட் கேலமிலேயே மண்ணைக் கவ்வினால் மானம் கப்பலேறிவிடும்.

"அட, நம்ம டாக்டரு! மழையில என்ன நிக்கிறீங்க, உள்ள வாங்க," என்று எஃபி சுத்தியலும் கையுமாக ஓடி வந்தாள். ஒளிவு மறைவு, கூச்சம் எதுவும் அவள் முகத்தில் இல்லை.

சமையலறையில் சூடான டீ வந்தது. ஓட்ஸ் ரொட்டியும் வெண்ணெயும் வந்தன. லாக்லன் சிரமப்பட்டு எழுந்து, டாக்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வெய்னைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" டாக்டர் மெதுவாகக் கொக்கி போட்டார்.

"அவனா? களவாணிப் பய," என்றார் லாக்லன். "அவன் என் தலையில கட்டின பழைய வண்டி ரெண்டாம் வாரமே நடுரோட்டுல படுத்துருச்சு. டீக்கு இன்னும் கொஞ்சம் பால் விடட்டுமா?"

டாக்டருக்குத் தலை சுற்றியது. களவாணிக்குப் பலகை, காப்பாற்றியவனுக்கு டீயா?

எஃபி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "போன மாசம் இவருக்கு நெஞ்சுவலி டாக்டர். நகரத்துக்குப் போயி, அவசரப் பிரிவுல பதினாலு மணி நேரம் உக்காந்திருந்தோம். என் காலை மிதிச்ச ஆளு ஒம்பது தடவை சாரி சொன்னான், ஒரு டாக்டரும் எட்டிப் பாக்கல. ஆனா ஒரு காசு கேக்கல, அதையும் சொல்லணுமில்ல. நம்ம நாட்டுல வைத்தியம் இலவசம், வைத்தியரைத்தான் கண்ணுல காட்ட மாட்டேங்கிறாங்க."

"இதைத்தான்! இதைத்தான் நான் சட்டசபையில கேக்கப் போறேன்!" டாக்டர் மேசையைத் தட்டியதில் டீ சிந்தியது. "ஜெயிச்சுத் தலைநகரம் ஹாலிஃபாக்ஸ் போன உடனே ஒரு குழு போடுவோம். குழு ஒரு அறிக்கை குடுக்கும். அந்த அறிக்கையை ஆராய இன்னொரு குழு..."

"அழகாப் பேசுறீங்க," என்றாள் எஃபி.

பேசிக்கொண்டே இருந்தாலும் பழகிய கண் சும்மா இருக்குமா? அது லாக்லனின் பாதத்துக்குப் போனது. "கால் வீங்கியிருக்கே லாக்லன். மாத்திரை அளவை மாத்தணும். தள்ளிப் போடாம யாராவது ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க."

எஃபி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "காட்டத்தான் போறோம்," என்றாள்.

குளிர்பெட்டியின் மேல் தொங்கிய நாட்காட்டியில் அடுத்த புதன்கிழமையைச் சுற்றிச் சிவப்பு மையில் பெரிய வட்டம் இருந்தது. கிழவிக்குத் தேதி குழம்பிவிட்டது, ஒரு எதிர் ஓட்டாவது குறையும் என்று டாக்டருக்குள் ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது. ஆனாலும் நல்ல மனுஷர், மனசாட்சி விடவில்லை.

"வட்டத்தை மாத்திப் போட்டுட்டீங்க எஃபி. தேர்தல் செவ்வாய்க்கிழமை."

"அது தெரியும் டாக்டர். காலைலயே போய் ஓட்டுப் போட்டுருவோம்."

இருந்த நப்பாசையும் போயிற்று. கிளம்பும்போது எஃபி அவர் கையில் ஒரு புட்டி ப்ளூபெர்ரி ஜாமைத் திணித்தாள். வாசற்படியில் டாக்டர் உடைந்துபோனார்.

"உண்மையைச் சொல்லுங்க. இந்த ஊருக்காக ராத்திரி பகல் பாக்காம ஓடினேன். ஊரே சேர்ந்து என்னை ஏன் வெறுக்குது?"

எஃபி பதறிப்போனாள். "உங்களை வெறுக்கிறதா? உங்களை விட்டா எங்களுக்கு யாரு டாக்டர் இருக்கா?" அவர் கோட்டின் மேல் பொத்தானைத் தானே போட்டுவிட்டாள். தெரு நெடுக வெய்ன் மழையில் நனைந்தபடி சிரித்துக்கொண்டிருந்தான்.

"நல்லபடியா தோத்துட்டு வாங்க. புதன்கிழமை காலைல கிளினிக்கைத் தெறந்ததும், மொத ஆளா இவரைத்தான் பாக்கணும்!"