நனையாத துண்டு

விவசாயிகள் சங்கம் எந்த வேட்பாளரை ஆதரிக்கிறதோ, அவர் கழுத்தில் கடைமடை வாய்க்காலில் நனைத்துப் பிழிந்த பச்சைத் துண்டைப் போடுவது வழக்கம். துண்டு விழுந்துவிட்டால் சுற்றுப்பட்டு ஊர்களின் ஓட்டும் விழுந்த மாதிரிதான். கடைமடைக்குத் தண்ணீர் கொண்டுவருவேன் என்று சொல்லி, போன தேர்தலில் இளவழகன் அப்படித்தான் சட்டமன்றத்துக்குப் போனார். இந்த முறையும் அவருக்கே என்று முடிவெடுத்து, வாய்க்கால் கரையிலேயே மேடை போட்டிருந்தார்கள்.

சங்கச் செயலாளர் தையல்நாயகி துண்டோடு வாய்க்காலில் இறங்கினாள். சேறுகூட இல்லை. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தாள், உள்ளேயும் சூடு.

வேட்பாளரின் உதவியாளர் ஓடிவந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். "இதுல நனைச்சுக்குங்கக்கா. துண்டு நனைஞ்சா சரிதானே?"

அவள் பாட்டிலை வாங்கவில்லை. காய்ந்த துண்டோடு மேடை ஏறினாள். இளவழகன் கைகூப்பிச் சிரித்தபடி கழுத்தை நீட்டிக் குனிந்தார். காமிராக்கள் நெருங்கின. துண்டு அவள் கையிலேயே நின்றது.

"போடுங்கக்கா," என்றார் அவர், சிரிப்பு மாறாமல், பல்லைக் கடித்துக்கொண்டு. "மேல மதகு தொறந்தாச்சு. தண்ணி வந்துக்கிட்டே இருக்கு."

கூட்டம் மொத்தமும் திரும்பி வாய்க்காலைப் பார்த்தது.

"வரட்டும்," என்றாள் தையல்நாயகி. "அதுவரைக்கும் குனிஞ்சே இருங்க."