ராணியின் உடுப்பு

"மறுபடியும் மறந்துட்டியா?" என்று அதட்டினேன்.

மேடையில் நின்ற அரீஜ் தலையைக் குனிந்துகொண்டாள். திரைக்குப் பின்னாலிருந்து சுந்துஸ் எடுத்துக் கொடுத்தாள்: "என் மக்களே, கிணற்றைப் பூட்டியவள் நான்தான்..."

"என் மக்களே, கிணற்றைப் பூட்டியவள் நான்தான்" என்று உப்புச்சப்பில்லாமல் ஒப்பித்தாள் அரீஜ்.

நான் நாற்காலியில் சரிந்தேன். ஆகஸ்ட் மாதம். மின்விசிறி சுற்றுகிறதே தவிர காற்று வருவதாகத் தெரியவில்லை. இளைஞர் இல்லத்துப் பிள்ளைகளை வைத்துக் கோடை நாடகம் போட ஆரம்பித்து இது பதினெட்டாவது வருஷம். போதும் போதும் என்றாகிவிட்டது.

"சனிக்கிழமை நாடகம், அரீஜ். வாயில என்ன, பேரீச்சம்பழம் வச்சிருக்கியா?"

"இல்ல மேடம்."

"பின்ன என்ன? விடிய விடிய போனை நோண்டிக்கிட்டிருந்தா வசனம் எப்படி மண்டையில ஏறும்?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

எங்கள் குழுவில் ராணி வேஷத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் உடுப்பு, அப்புறம்தான் நடிகை. எங்களிடம் இருக்கிற ஒரே ராஜ உடுப்பு, என் கல்யாண உடுப்பு. தங்க ஜரிகையும் மணியுமாக ஆறு கிலோ கனக்கும். இப்போது என் ஒரு கைகூட அதற்குள் நுழையாது, அது வேறு கதை. பிரித்துத் தைக்க மனசு வரவில்லை. அதனால் யாருக்கு அது பொருந்துகிறதோ, அவள் ராணி. இந்த வருஷம் அளவெடுத்துத் தைத்த மாதிரி அரீஜுக்குப் பொருந்தியது.

சுந்துஸுக்குப் பூசின உடம்பு. ஆனால் ஞாபகசக்தி அபாரம். அவளைத் திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தேன். ஆளுக்கேற்ற வேலை.

நிர்வாகி ஹம்மாதி சார் ஏற்கெனவே குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். "ஜனங்களுக்குப் பிடிக்கலேன்னா, அடுத்த கோடைக்கு ஹாலை டேபிள் டென்னிஸுக்குக் குடுத்துடுவேன் மேடம். அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது."

நான் அலுத்துப்போனவள்தான். ஆனாலும் என் மேடையில் டேபிள் டென்னிஸா என்று வயிறு எரிந்தது. இந்தப் பெண்ணோ ஒரு பக்க வசனத்தில் என் பதினெட்டு வருஷத்தைக் கவிழ்த்துவிடுவாள் போலிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஹால் நிரம்பி வழிந்தது. அம்மாக்கள் அட்டையால் விசிறிக்கொண்டும், அப்பாக்கள் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தார்கள். முக்கால்வாசி நாடகம் நல்லபடியாகப் போனது.

கடைசிக் காட்சி. ஊரே தாகத்தில் கிடக்க, கிணற்றைப் பூட்டிய ராணி மக்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நாடகத்தின் உயிரே அதுதான்.

அரீஜ் நடு மேடைக்கு வந்து நின்றாள். உடுப்பு விளக்கில் ஜொலித்தது. வாய் மட்டும் திறக்கவில்லை.

போச்சு!

"என் மக்களே..." என்று சுந்துஸ் மெல்ல எடுத்துக் கொடுத்தாள். அரீஜ் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பார்த்தாள். ஊஹும்.

மூன்றாவது தடவை சுந்துஸ் முழு வரியையும் சொன்னாள். வேறு வழியில்லாமல் அடுத்த வரியையும் சொன்னாள். போகப் போக அந்தக் குரல் திரையை மீறிக்கொண்டு ஹால் முழுக்க நிறைந்தது. அரீஜ் கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பியபடி நின்றாள்.

விதை கொறிக்கிற சத்தம் நின்றுவிட்டது. "பூட்டைத் திறக்கிறேன். முதல் குடம், என்னைச் சபித்தவர்களுக்கு" என்று குரல் தழுதழுத்து முடிந்ததும், பெண்கள் எழுந்து நின்று குலவையிட்டார்கள்.

ஹம்மாதி சார் ஓடி வந்தார். "என்ன யோசனை மேடம்! உருவம் முன்னால, குரல் பின்னால! தலைநகர் துனிஸ்லகூட இப்படி ஒண்ணை நான் பாத்ததில்ல. அடுத்த வருஷமும் ஹால் உங்களுக்குத்தான்."

"ஏதோ தோணிச்சு சார்" என்றேன், கொஞ்சம்கூடக் கூசாமல்.

மேடைக்குப் பின்னால் போனேன். வெளியே சுந்துஸைப் பெண்கள் மாறி மாறிக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே அரீஜ் தனியாக உடுப்பின் கொக்கிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"மானத்தை வாங்கப் பாத்தியேடி! சுந்துஸ் மட்டும் இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்? நாலு வாரத்துல ஒரு பக்கம் மனப்பாடம் பண்ணத் துப்பில்ல உனக்கு!"

அரீஜ் கொக்கிகளைக் கழற்றியபடியே, "என் மக்களே..." என்று ஆரம்பித்து, அந்த முதல் குடம் வரை மொத்த வசனத்தையும் சொல்லி முடித்தாள். ஓர் எழுத்துப் பிசகவில்லை.

சுந்துஸின் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

"இவ்வளவும் தெரிஞ்சு வச்சுக்கிட்டா... பின்ன ஏண்டி?"

அவள் உடுப்பைக் கசங்காமல் மடித்து என் கையில் வைத்தாள்.

"ராணி வேஷத்துக்கு ஆள் தேர்வு பண்ணின அன்னைக்கு சுந்துஸ் இந்த வசனத்தைப் படிச்சப்போ நீங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டீங்க மேடம். அப்புறம் உடுப்பு அவளுக்குப் பத்தலேன்னு என்னைக் கூப்பிட்டீங்க. உடுப்புக்காகத்தானே என்னை எடுத்தீங்க? அதை நான் போட்டுக்கிட்டேன். வசனத்தை அவகிட்டயே விட்டுட்டேன்."