வாராவாரம் தண்ணீர்ச் சோதனை

“மழைக்கு முன்னால உரம் போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? எல்லாம் ஓடைக்குத்தான் போகுது.”

“போடலைங்க மேடம். கரையில புல்லும் வளர்த்துட்டேன். இன்னும் என்னலா வேணும்?”

“தண்ணி இன்னும் மோசம்தான். அடுத்த வாரமும் வருவேன்.”

எங்கள் காஹாங் ஊர்க் காய்கறித் தோட்டக்காரர் குணாளனுக்கும் விவசாய அதிகாரி யோகேஸ்வரிக்கும் வாராவாரம் இதே சண்டை. தோட்டத்தை மூடிவிடுவார்களோ என்று, வேலிக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற நாங்கள்தான் கவலைப்பட்டோம்.

யோகேஸ்வரி லீவில் இருந்த ஒரு வாரம், வேறோர் அதிகாரி வந்து தண்ணீரைச் சோதித்தார்.

“எப்பவோ சுத்தமாயிடுச்சே அண்ணே. மேடமே ஆபீஸ்ல சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லலையா?”

“ஓடையில மீன் திரும்பி வந்தப்பவே தெரியும் தம்பி,” என்றார் குணாளன். “எனக்குத் தெரியும்னு அவங்ககிட்ட சொல்லிடாதீங்க.”

தை மாதம் குளுவாங் நகரக் கோயிலில் இருவருக்கும் கல்யாணம். யோகேஸ்வரி காஹாங்குக்கே குடிவந்துவிட்டார். சண்டை மட்டும் ஓயவில்லை. இன்னும் அளவு கூடித்தான் போகிறதாம், குழம்பில் உப்பு.