"அது என்னுதும்மா!"

லேப் கவுன்ட்டரில் ஐஸ் பெட்டியை வைத்துவிட்டு, அதற்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாதவன்போல் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

காரணம், முன் வரிசையில் எங்கள் மேனேஜர். சர்க்கரை டெஸ்ட்டுக்கு வந்திருந்தார். அவரிடம்தான், "குழந்தையெல்லாம் இப்போதைக்கு வேணாம்னு இருக்கோம் சார்" என்று கெத்தாகச் சொல்லி வைத்திருந்தேன்.

பெட்டிக்குள் என் மனைவியின் எச்சில். குழந்தை வேண்டி ஊசி போட்டதில் ஹார்மோன் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் டெஸ்ட் குழாயில் துப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடியிருந்தாள். அதைத் தூக்கி வந்ததற்கே எனக்குப் பெரிய தியாகி என்ற நினைப்பு.

"குழந்தைக்கு டிரீட்மென்ட் எடுக்கறவங்க எச்சில் இது, யாரோடது?" லேப் பெண் குழாயைத் தூக்கிக் காட்டினாள். "பேரே ஒட்டலை!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. நானும் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

"யாரும் வரலைன்னா குப்பையில போட்டுடுவேன்!"

எழுந்திருடா என்றது மனசு. கால் கேட்கவில்லை.

"இரும்மா, இரு. அது என்னுதும்மா!"

மேனேஜர்!

"பேரன் எடுக்கற வயசுல இதென்ன ஆசை?" என்று யாரோ கிசுகிசுக்க, ஹாலில் ஒரே சிரிப்பு. அவர் அசரவில்லை. கவுன்ட்டரில் குனிந்து ஏதோ எழுதிக் கொடுத்தார். ரத்தமும் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

மனுஷன் தன்னுடைய குழாய் என்று தப்பாக நினைத்துவிட்டாரா? ரிப்போர்ட் வந்து மேனேஜர் கர்ப்பம் என்றால், ஆபீஸில் லீவு யார் சாங்ஷன் செய்வது?

அவர் தலை மறைந்ததும் கவுன்ட்டருக்கு ஓடினேன்.

"மேடம், அந்த எச்சில் அவரோடது இல்லை. வந்து... எங்களோடது."

"தெரியும் சார். நீங்க பெட்டியை வெச்சுட்டு ஓடினதை அவர் பார்த்துட்டாராம். 'இன்னார் மனைவி'ன்னு உங்க பேரை எழுதிக் குடுத்துட்டுத்தான் போனார்."

அவர் போன வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்களா வந்து கேட்டா மட்டும் இதைச் சொல்லச் சொன்னார்," என்று சிரிப்பை அடக்கிக்கொண்டாள் அந்தப் பெண். "'சொந்தப் பேரைச் சொல்லவே இவ்வளவு வெட்கம்னா, பொறக்கப்போற குழந்தைக்கு எப்படிய்யா பேர் வைப்பே?'"